ஏழு ஹார்ட் டிஸ்க், ஒரே போட்டோ நாலஞ்சு காப்பி: எதை அழிக்கலாம், எதை விடணும்?

அம்மாபேட்டை ஸ்டூடியோ:

வணக்கம் நண்பர்களே. சேலம் அம்மாபேட்டைல அப்பா ரொம்ப வருஷமா ஸ்டூடியோ நடத்தினாங்க, இப்ப நான்தான் பாத்துக்கறேன். பீரோல சின்னதும் பெருசுமா ஏழு ஹார்ட் டிஸ்க் இருக்கு, அதுபோக ஒரு டப்பா நிறைய பென்டிரைவும் மெமரி கார்டும். ஒரு டிஸ்க் நிறைஞ்சா அப்பா அடுத்தது வாங்குவாங்க, பழசு போயிட்டா என்ன பண்றதுன்னு முக்கியமான கல்யாணத்தையெல்லாம் புதுசுலயும் ஒருவாட்டி போட்டு வைப்பாங்க, சிஸ்டம் மாத்தும்போது மொத்தமா ஒரு பேக்கப், ஆல்பம் டிசைன் பண்ற அண்ணன்கிட்ட குடுத்து வாங்கினதுல இன்னொரு செட். அப்படி செஞ்சதாலதான் இத்தனை வருஷத்துல கஸ்டமர் போட்டோ எதுவும் தொலையல, அது எனக்கு நல்லா தெரியும். ஆனா இப்ப ஒரே கல்யாணம் மூணு டிஸ்க்ல இருக்கு, ஒன்னுல ஃபோல்டர் பேரு 'ஃபைனல்', இன்னொன்னுல 'ஃபைனல் புதுசு', அடுத்ததுல வெறும் 'பேக்கப்'. எதுல முழுசா இருக்கு, எதுல பாதிதான் இருக்குன்னு திறந்து பாத்தாத்தான் தெரியும்.

சமீபத்துல ஒரு அக்கா வந்தாங்க. அவங்க அம்மா தவறிட்டாங்க, 2013ல நாங்க எடுத்த ஒரு காதுகுத்துல அம்மா நல்லா சிரிச்சமாதிரி ஒரு படம் இருக்கு, அத பெருசு பண்ணி ஃப்ரேம் போட்டுத் தாங்கன்னு கேட்டாங்க. தேடினா அந்த ஒரு படம் மூணு இடத்துல கிடைச்சது. ஒன்னு வாட்ஸ்அப்ல போயிட்டு வந்த சின்ன சைஸு, பெருசு பண்ணினா மூஞ்சி தெளிவா வராது. இன்னொன்னு மேல் பாதி சரியா இருக்கு, அம்மா கழுத்துக்குக் கீழ எல்லாம் சாம்பல் கலரா ஓடிப்போச்சு. மூணாவதுதான் ஒழுங்கான ஒரிஜினல். மூணுக்கும் ஃபைல் பேரு ஒன்னேதான். பேர மட்டும் பாத்து ரெண்ட அழிக்கற ஆளு கைல இது மாட்டியிருந்தா எது மிஞ்சியிருக்கும்னு நெனச்சாலே பகீர்னு இருக்கு.

இப்ப புதுசா ரெண்டு 4 டிபி டிஸ்க் வாங்கியிருக்கேன். பழசு எல்லாம் சேத்தா 3 டிபி கிட்ட வரும். விண்டோஸ் 10, டெஸ்க்டாப். எல்லாத்தையும் ஒன்னு சேத்து, வேண்டாத காப்பிய எடுத்துட்டு, வேணுங்கறது ஒன்னுகூட போகாம பண்ணணும். எங்க இருந்து ஆரம்பிக்கறது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

நாலு ரோடு சர்வீஸ்:

தம்பி, டூப்ளிகேட் விஷயத்தை இப்போதைக்கு ஓரமா வைங்க. எந்த டிஸ்க் நல்லா இருக்கு எது சாகப்போகுதுன்னு தெரியாம எதையும் தொடக்கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஒவ்வொன்னா சொருகிப் பாருங்க, நீலமா 'குட்'னு காட்டினா பரவால்ல, மஞ்சளா 'காஷன்'னு காட்டினா அந்த டிஸ்க்ல படிக்க முடியாத இடம் வர ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அததான் முதல்ல காப்பி எடுக்கணும். மஞ்சள் டிஸ்க்ல வச்சே டூப்ளிகேட் ஸ்கேன் ஓட்டாதீங்க, ஸ்கேன்னா ஒவ்வொரு ஃபைலையும் முழுசா படிக்கும், சாகக் கிடக்கற டிஸ்க்க அந்த வேலையிலயே கொன்னுடுவீங்க. டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே வயர புடுங்கிட்டு ரிகவரி தெரிஞ்ச ஆளுகிட்ட குடுங்க, ஆன் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கறதுதான் இங்க வர்ற கேஸ்ல பாதிய கெடுக்குது. அப்புறம் சொருகினதும் 'இந்த டிஸ்க்க ஃபார்மட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும்'னு விண்டோஸ் கேட்டா கேன்சல், கேன்சல் மட்டும்தான்.

அடுத்தது, ஏழு டிஸ்க் மேலயும் டேப் ஒட்டி நம்பர் எழுதுங்க. புது 4 டிபில ஒன்ன எடுத்து என்டிஎஃப்எஸ்ங்கற விண்டோஸ் முறைல ஃபார்மட் பண்ணி, டிஸ்க்1, டிஸ்க்2னு ஃபோல்டர் போட்டு, உள்ள இருக்கறத இருக்கற மாதிரியே இறக்குங்க. காப்பி பண்ணும்போதே பேர மாத்தறது, ஃபோல்டர சேக்கறது, 'இது வேண்டாம்'னு விடறது எதுவும் கூடாது. சில டிஸ்க் எக்ஸ்ஃபேட்ங்கற இன்னொரு முறைல ஃபார்மட் ஆகி வரும், அது மேக்லயும் விண்டோஸ்லயும் ஓடும்ங்கறது வசதிதான், ஆனா எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா என்டிஎஃப்எஸ் மாதிரி தாங்காது, அதனால யூபிஎஸ் இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. காப்பிக்கு டெராகாப்பிங்கற சாஃப்ட்வேர் போட்டு அதுல வெரிஃபைய டிக் பண்ணுங்க, எழுதினத திரும்பப் படிச்சு ஒத்துப் பாக்கும், நேரம் டபுள் ஆகும், ஆகட்டும். சிபியு பின்னாடி இருக்கற யூஎஸ்பி 3 போர்ட்ல சொருகுங்க, முன்னாடி போர்ட்லயும் விலை மலிஞ்ச ஹப்லயும் பவர் பத்தாம பாதில அறுந்து போகும். யூஎஸ்பி 3ல 1 டிபி படிக்க மூணு மணி நேரம் கிட்ட ஆகும், யூஎஸ்பி 2ல போட்டீங்கன்னா எட்டு மணி நேரத்தையும் தாண்டும். நம்ம ஊரு சித்திரை வெயில்ல மூடின டப்பால, துணி மேல எல்லாம் வச்சு ஓட்டாதீங்க, ஃபேன் காத்து படற மாதிரி மேசை மேல வைங்க.

பாதைப் பேரு ரொம்ப நீளமா இருந்தா விண்டோஸ் சில ஃபைல விட்டுடும், 260 எழுத்துக்கு மேல போனா எக்ஸ்ப்ளோரர் மக்கர் பண்ணும். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போட்ட பேக்கப்ல இது கட்டாயம் வரும். காப்பி முடிஞ்சதும் 'ஸ்கிப்ட்' எத்தனைன்னு பாக்காம அடுத்த டிஸ்க்குக்குப் போகாதீங்க.

சூரமங்கலம் எடிட்டர்:

நாலு ரோடு அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் எடிட்டிங் பக்கம் சொல்றேன், ஏன்னா ஸ்டூடியோ ஃபைல சாதாரண வீட்டு போட்டோ மாதிரி நெனச்சு டூப்ளிகேட் டூல் ஓட்டினா பெரிய சேதம் ஆகும் தம்பி.

ஃபைல் பேர நம்பவே நம்பாதீங்க. கேமரா 9999 வரைக்கும் எண்ணிட்டு திரும்ப 0001ல இருந்து ஆரம்பிக்கும், ரெண்டு கேமரா வச்சிருந்தா ரெண்டும் ஒரே பேர்ல எடுக்கும். ஐஎம்ஜி 0457ங்கற பேர்ல ஒரு டிஸ்க்ல தாலி கட்ற படமும் இன்னொரு டிஸ்க்ல வேற ஊட்டு சீமந்தமும் இருக்கும். ரெண்டு ஃபோல்டர ஒன்னா இழுத்துப் போட்டு 'ரீப்ளேஸ்' குடுத்தீங்கன்னா ஒரு குடும்பத்தோட தாலி கட்ற படம் போச்சு, அது போனதே யாருக்கும் தெரியாது. அதனாலதான் அண்ணா தனித்தனி ஃபோல்டர்ல இறக்கச் சொல்றாரு.

ரெண்டாவது, ரா ஃபைலும் (கேமரா பதிஞ்சத சுருக்காம அப்படியே வைக்கற பெரிய ஃபைல்) ஜேபெக்கும் ஒரே படம் மாதிரி தெரிஞ்சாலும் டூப்ளிகேட் கிடையாது. எடிட் பண்ணின ரா பக்கத்துல பல சமயம் அதே பேர்ல எக்ஸ்எம்பினு ஒரு குட்டி ஃபைல் இருக்கும், சில கேபிதான் இருக்கும், நீங்க பண்ணின கலர் கரெக்ஷன் மொத்தமும் அதுக்குள்ளதான் இருக்கு. சின்ன ஃபைலெல்லாம் குப்பைன்னு அழிச்சா எடிட் பண்ணின உழைப்பு அதோட போச்சு. லைட்ரூம்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர் யூஸ் பண்றவரா இருந்தா அதோட கேட்டலாக் எந்தப் படம் எந்த பாதைல இருக்குன்னு எழுதி வச்சிருக்கும், வெளிய எக்ஸ்ப்ளோரர்ல ஃபோல்டர நகர்த்தினா எல்லாம் காணோம்னு கேள்விக்குறி போட்டுடும். அந்த ஃபோல்டர லைட்ரூமுக்குள்ள இருந்தே நகர்த்துங்க.

அப்புறம் இந்த 'ஒரே மாதிரி இருக்கற படம்' கண்டுபிடிக்கற ஆப்ஷன் பல டூல்ல இருக்கும், கல்யாண போட்டோவுக்கு அத வச்சு அழிக்கவே கூடாது. அட்சதை போடற நேரத்துல பர்ஸ்ட்ல (பட்டன விடாம அமுக்கி வரிசையா) எடுத்த படம் எல்லாம் அதுக்கு ஒன்னாத்தான் தெரியும், ஆனா ஒன்னுல பொண்ணு கண்ணு மூடியிருக்கும், அடுத்ததுல திறந்திருக்கும், கஸ்டமருக்கு வேண்டியது அந்த அடுத்தது.

குகை ரோடு:

எனக்கு ஒரு சந்தேகம், எதுக்கு அழிக்கணும்? 4 டிபி ரெண்டு இருக்கு, 3 டிபிதான் டேட்டா. அப்படியே ரெண்டுலயும் போட்டு வச்சுட்டா வேலை முடிஞ்சது. அழிச்சாத்தான தப்பு வரும்.

சூரமங்கலம் எடிட்டர்:

குகை ரோடு, இடம் பத்தலன்னு அவர் சொல்லலயே. அந்த அக்கா வந்து கேட்டப்ப மூணுல எது ஒரிஜினல்னு தெரியாம தேடினதுதான் பிரச்சனை. அது அப்படியே இருந்தா நாளைக்கு அவசரத்துல கைக்குக் கிடைக்கற வாட்ஸ்அப் காப்பிய பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்க. ஆனா நீங்க சொல்றதுல பாதி சரி, எனக்கும் ஒத்து வருது: ஒரே டிஸ்க்குக்குள்ள ரெண்டு மூணு தடவை கிடக்கறது மட்டும்தான் வேண்டாத காப்பி, டிஸ்க் போனா அத்தனையும் சேந்து போயிடும். வேற வேற டிஸ்க்ல இருக்கற காப்பி பேக்கப், அத டூப்ளிகேட்னு பேரு வச்சு அழிச்சா அப்பா இத்தனை வருஷம் பாத்துப் பாத்து வச்ச பாதுகாப்ப நாமளே எடுத்துடறோம். தம்பி இந்த ரெண்டையும் குழப்பிக்காம இருந்தா போதும்.

அம்மாபேட்டை ஸ்டூடியோ:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி, எக்ஸ்எம்பி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க்ஸ ஒவ்வொன்னா செக் பண்ணிட்டு இருக்கேன், இதுவரைக்கும் நீலம். இறக்கி முடிச்சதும் ரெண்டு ஃபைல் அச்சு அசலா ஒன்னுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பேரும் சைஸும் ஒன்னா இருந்தா போதுமா? எந்த டூல் நல்லது?

அழகாபுரம் கோடர்:

பேரும் சைஸும் போதாது ப்ரோ. ஹேஷ் பாக்கணும். ஃபைலுக்குள்ள இருக்கற ஒவ்வொரு பைட்டையும் படிச்சு ஒரு நீளமான நம்பர் போடும், உள்ள ஒரு பிட் மாறியிருந்தாலும் நம்பர் மொத்தமா வேறயா வரும். எஸ்ஹெச்ஏ 256ங்கற வகை ஹேஷ் ரெண்டுக்கும் ஒன்னா வந்தா, பேரு என்னவா இருந்தாலும், உள்ள இருக்கறது ஒன்னுதான்னு தைரியமா எடுத்துக்கலாம். ரெண்டு மூணு ஃபைலுக்கு மட்டும் பாக்கணும்னா பவர்ஷெல்ல கெட்-ஃபைல்ஹேஷ்னு ஒரு கமாண்ட் விண்டோஸ்லயே இருக்கு.

நீங்க சொன்ன சாம்பல் கலர் படம் இருக்குல்ல, அதுக்கும் ஒரிஜினலுக்கும் சைஸ் பாருங்க, அநேகமா ஒன்னாத்தான் இருக்கும். பேரும் சைஸும் ஒன்னு, ஹேஷ் மட்டும் வேறன்னு வந்தா அங்கதான் உக்காந்து கண்ணால பாக்கணும். ஒன்னு காப்பி ஆகும்போது கெட்டுப்போயிருக்கும், இல்லன்னா யாராவது திருத்தியிருப்பாங்க. வியூவர்ல திறந்து படத்த சும்மா திருப்பி சேவ் பண்ணியிருந்தாலே ஹேஷ் மாறிடும். அந்த மாதிரி ஃபைல ஹேஷ் வச்சுப் பாக்கற எந்த டூலும் டூப்ளிகேட்னு காட்டாது, அதனால அவசரத்துல நல்லத அழிச்சிடுவோமோங்கற பயம் ஹேஷ் வச்சு பண்றப்ப இல்ல.

டூலுக்கு ட்ச்காவ்கா பாருங்க, ஸ்பெல்லிங் சி இசட் கே ஏ டபிள்யூ கே ஏ, இலவசம், விண்டோஸ்ல ஓடும். முதல்ல சைஸ் ஒன்னா இருக்கறத மட்டும் பிரிச்சு, அதுல கொஞ்சம் படிச்சுப் பாத்து, அப்புறமும் ஒத்துப்போனாத்தான் முழுசா ஹேஷ் போடும், அதனால 8 ஜிபி ராம்ல கூட தாராளமா ஓடும். டூப்குருவும் நல்லது. ரெண்டுலயும் 'ரெஃபரன்ஸ் ஃபோல்டர்'னு ஒன்னு குறிக்கலாம், அதுக்குள்ள இருக்கறத டூல் அழிக்க விடாது. உங்க டிஸ்க்ல எந்த ஃபோல்டர் ஒழுங்கா முழுசா இருக்கோ அத ரெஃபரன்ஸா வச்சு, மத்ததுல இருக்கற டூப்ளிகேட்ட மட்டும் பிடிங்க. பிடிச்சதும் டெலீட் குடுக்காதீங்க, 'மூவ்' குடுத்து அதே டிஸ்க்ல 'பாக்கணும்'னு ஒரு ஃபோல்டர்ல தள்ளுங்க, சில மாசம் கிடக்கட்டும். பென்டிரைவ்ல டெலீட் பண்ணினா ரீசைக்கிள் பின்னுக்கு வராது, நேரா போயிடும், அதையும் நெனப்புல வச்சுக்கோங்க.

இன்னும் சில இடத்துல மாட்டுவீங்க, எழுதிடறேன். ஒரே டிஸ்க்க டிரைவ் லெட்டர்லயும் நெட்வொர்க் ஷேர்லயும் ரெண்டு வழில ஸ்கேன்ல சேத்தீங்கன்னா, ஒரே ஃபைல ரெண்டா காட்டும், 'ஒன்ன' அழிச்சா இருந்த ஒன்னே போச்சு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க் ஃபோல்டர ஸ்கேன்ல சேக்கவே வேண்டாம், இங்க அழிச்சா மேலயும் அழியும், ஸ்டூடியோல வேற சிஸ்டம் அதே அக்கவுண்ட்ல இருந்தா அங்கயும் அழியும், கூகுள் டிரைவ் குப்பைல 30 நாள்தான் வச்சிருக்கும். மிரர் ஆப்ஷனும் அப்படித்தான், விண்டோஸோட ரோபோகாப்பி கமாண்ட்ல மிரர் போட்டா மூலத்துல இல்லாதது போய் சேர்ற இடத்துல இருந்து துடைக்கப்படும், இடத்த மாத்திக் குடுத்துட்டா காலி டிஸ்க்க பாத்து நிறைஞ்ச டிஸ்க்க காலி பண்ணிடும். ரெண்டாவது 4 டிபிக்கு காப்பி பண்ண ஃப்ரீஃபைல்சிங்க் போடுங்க, முன்னாடியே என்ன என்ன நடக்கப்போகுதுன்னு லிஸ்ட் காட்டும், அழிக்கறத வேற ஃபோல்டர்ல எடுத்து வைக்கற வசதியும் இருக்கு.

தமிழ்ல ஃபோல்டர் பேரு வைக்கறவங்களுக்கு மட்டும் ஒன்னு. 'கொலுசு'ல வர்ற 'கொ'வ கம்ப்யூட்டர் ரெண்டு விதமா எழுதி வைக்க முடியும், ஒற்றக்கொம்பையும் காலையும் சேத்து ஒரே குறியா, இல்லன்னா தனித்தனியா ரெண்டு குறியா. பழைய மேக்ல ஃபார்மட் பண்ணின டிஸ்க் எப்பவுமே பிரிச்சுத்தான் எழுதும். டிசைன் பண்ற அண்ணன் மேக் வச்சிருந்தாருன்னா அவர்கிட்ட போயிட்டு வந்த டிஸ்க்ல 'பொங்கல் 2015'னு கண்ணுக்கு ஒன்னா தெரியற ரெண்டு ஃபோல்டர் பக்கத்துல பக்கத்துல நிக்கும். வைரஸ்னு பயப்படவேண்டாம், ஒன்ன கண்ண மூடிட்டு அழிக்கவும் வேண்டாம், உள்ள இருக்கற ஃபைலுக்கு ஹேஷ் பாருங்க.

ஏற்காடு எஸ்டேட்:

நான் மேல ஏற்காட்டுல இருந்து. இங்க நாங்க எஸ்டேட் கணக்கும் குடும்ப போட்டோவும் வருஷக்கணக்கா டிஸ்க்ல வச்சுப் பாத்துக்கறோம், அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். எல்லாரும் டிஸ்க்க பத்தி சொன்னீங்க, ஆனா அந்த ரெண்டு 4 டிபியும் அதே பீரோல இருந்தா பேக்கப் ஒன்னுதான். தீ, திருட்டு, மழைத்தண்ணி எது வந்தாலும் சேந்துதான் போகும். மூணு காப்பி, ரெண்டு வகையான ஸ்டோரேஜ், அதுல ஒன்னு வேற இடத்துலன்னு 3-2-1ன்னு சொல்வாங்க, உங்களுக்கு முதல்ல அந்த 'வேற இடம்'தான் வேணும். ஏற்காட்டுலயோ ஆத்தூர்லயோ சொந்தக்காரங்க இருந்தா அங்க ஒன்னு வைங்க. விசேஷத்துக்குப் போகும்போது புதுசா சேந்தத ஏத்தின டிஸ்க்க குடுத்துட்டு அங்க இருக்கறத வாங்கிட்டு வந்து மாத்தி மாத்தி வச்சுக்கலாம், ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே பைல இல்லாம பாத்துக்கோங்க.

மலைல வைக்கறதா இருந்தா ஈரம்தான் எதிரி. ஐப்பசி கார்த்திகைல மூடுபனி வீட்டுக்குள்ளயே வரும், கேமரா லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கற ஊரு இது. காத்து புகாத டப்பால சிலிக்கா ஜெல் பை போட்டு வைங்க, நீலக்கல் வெளுத்து ரோஸ் கலர் ஆனா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், மிதமான சூட்டுல காயவச்சா திரும்ப நீலமாகும். கீழ எடுத்துட்டு வந்த உடனே சொருகாதீங்க, குளிர்ந்த டிஸ்க் மேல சேலத்து சூட்டுக் காத்து பட்டா வேர்க்கும், ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் சொருகுங்க. கோடை மழை நேரத்துல இடி ஆரம்பிச்சா டிஸ்க்கோட வயர சிஸ்டத்துல இருந்தே புடுங்கிடணும், சுவிட்ச ஆஃப் பண்ணினா மட்டும் பத்தாது.

இன்னொன்னு, அதுல இருக்கறது ஊராங்க வீட்டுப் பொண்ணுங்க படம். ஸ்டூடியோவ விட்டு வெளிய போற டிஸ்க்குக்கு கட்டாயம் பாஸ்வேர்ட் பூட்டு போடுங்க. விண்டோஸ் ப்ரோ இருந்தா பிட்லாக்கர், ஹோம் எடிஷன்ல அது போட முடியாது, வெராகிரிப்ட் இலவசமா கிடைக்கும். பாஸ்வேர்டயும் ரிகவரி கீயையும் பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட குடுத்து வைங்க, டிஸ்க் இருக்கற அதே டப்பால வைக்காதீங்க. அது தொலைஞ்சா எந்த சர்வீஸ் கடைலயும் திறக்க முடியாது.

நாலு ரோடு சர்வீஸ்:

ஏற்காடு எஸ்டேட் சொன்னது ரொம்ப சரி. நான் ஒன்னு சேத்துக்கறேன், எல்லா ஃபைலோட ஹேஷையும் ஒரு லிஸ்ட்டா எடுத்து வச்சுட்டு, வருஷத்துக்கு ஒன்னு ரெண்டு தடவையாவது அந்த டிஸ்க்க ஓட்டி, அந்த லிஸ்ட்டோட ஒத்துப் பாருங்க. பீரோல தூங்கற டிஸ்க் நல்லா இருக்கும்னு நம்பிட்டு இருந்து, கஸ்டமர் வந்து கேக்கற அன்னைக்கு சொருகினா ஓடாது. எஸ்எஸ்டிய பீரோல வருஷக்கணக்கா கரண்ட் இல்லாம போட்டு வைக்கறதும் வேண்டாம், அது வேலை பாக்கறதுக்கு, எடுத்து வைக்கறதுக்கு இல்ல. முழு சைஸ் எஸ்டி கார்டா இருந்தா ஓரத்துல ஒரு குட்டி லாக் இருக்கும், அத கீழ தள்ளிட்டு அப்புறம் சிஸ்டத்துல போடுங்க, கை தவறி அழியாது.

அம்மாபேட்டை ஸ்டூடியோ:

ஏற்காட்டுல அத்தை வீடு இருக்கு, சேர்வராயன் கோயில் பண்டிகைக்கு எப்படியும் மேல போவோம், அப்ப ஒன்னு அங்க குடுத்துடறேன். அப்பாகிட்ட இந்த த்ரெட்ட படிச்சுக் காட்டினேன், டிசைன் பண்ற அண்ணன் மேக்தான் வச்சிருந்தாராம். கடைசியா ஒன்னு மட்டும், பழைய ஏழு டிஸ்க்கையும் எப்ப ஃபார்மட் பண்ணலாம்?

நாலு ரோடு சர்வீஸ்:

ரெண்டு 4 டிபிலயும் ஹேஷ் ஒத்துப்போய், ஒன்னு அத்தை வீட்டுக்குப் போய், 'பாக்கணும்' ஃபோல்டர் காலியாகற வரைக்கும் தொடாதீங்க. அப்பவும் நீலம் காட்டறத ஃபார்மட் பண்ணாம நம்பர் டேப்போட அப்படியே மூணாவது காப்பியா வச்சுக்கலாம், வித்தா என்ன பெருசா கிடைச்சிடப் போகுது. ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் டிஸ்க் செக் பண்ணியாச்சா? மஞ்சள் காட்டினா ரீடிங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.